தானியேல் பேணூலி: ஓடும் திரவத்தைக் கணக்கிட்ட மருத்துவர்

மாணவர்களே, எரிபொருள் நிரப்பு நிலையம் ஒன்றில் பின்வரும் காட்சியை நீங்கள் கண்டிருக்கக்கூடும். ஊழியர் ஒருவர் நிலத்தில் உள்ள சிறிய மூடியைத் திறந்து, அளவு குறிக்கப்பட்ட நீண்ட கோல் ஒன்றை உள்ளே செங்குத்தாக இறக்குகிறார். மேலே எடுத்ததும் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்கிறார். பின்னர் அட்டவணை ஒன்றைப் புரட்டி, நிலத்தின் கீழுள்ள தாங்கியில் எத்தனை லீற்றர் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார். 2022ஆம் ஆண்டு எமது நாட்டில் மக்கள் இரவு பகலாக எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, அந்த ஈரக்கோடு எவ்வளவு பெறுமதியானது என்பதை எல்லோரும் அறிந்துகொண்டனர். வரிசையின் எந்த இடம்வரை பெற்றோல் கிடைக்கும் என்பதை அந்தக் கோடே சொன்னது.

கொலன்னாவை, முத்துராஜவெல போன்ற பெரிய களஞ்சியங்களிலும் கேட்கப்படும் வினாக்கள் இரண்டுதான். தாங்கியில் எவ்வளவு நிற்கிறது? குழாயினூடாக எவ்வளவு சென்றது? நிற்கும் திரவம் பற்றிய முதல் வினாவுக்கு உங்கள் விஞ்ஞான பாடத்தில் திரவ அமுக்கம் என்னும் அலகில் விடை உண்டு. ஓடும் திரவம் பற்றிய இரண்டாவது வினா கடினமானது. அவ்விரண்டையும் ஒரே கணக்கில் இணைத்துக் காட்டிய அறிஞரின் வாழ்க்கையையே இங்கு நோக்கப்போகிறோம். உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கச் செல்வோர் அவருடைய தத்துவத்தை விரிவாகப் படிப்பார்கள். ஆனால் அந்தத் தத்துவத்துக்காக அவர் தம் தந்தையையே இழக்க நேர்ந்தது என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

தானியேல் பேணூலி 1700ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆம் திகதி நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் பிறந்தார். பேணூலி குடும்பத்தின் முன்னோர் அன்ற்வேர்ப் நகரத்தவர். புரட்டஸ்தாந்து சமயத்தைச் சார்ந்தவர்களாதலால் துன்புறுத்தலுக்கு அஞ்சி வெளியேறி, இறுதியில் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் குடியேறினர். வாசனைத் திரவிய வணிகமே அவர்களது தொழில். ஆயினும் அக்குடும்பத்தில் 3 தலைமுறைகளுக்குள் 8 கணித அறிஞர்கள் தோன்றினார்கள். தானியேலின் தந்தை யொகான் பேணூலியும் பெரியப்பா யாக்கோப்பு பேணூலியும் அவர்களுள் முதன்மையானவர்கள். இந்தச் சகோதரர் இருவரும் கணிதப் பிரச்சினைகளை முன்வைத்து ஒருவரையொருவர் பகிரங்கமாகத் தாக்கிக்கொண்டவர்கள் என்பதையும் நினைவிற் கொள்க. 1705இல் யாக்கோப்பு இறந்ததும், பாசல் பல்கலைக்கழகத்தில் அவர் வகித்த பேராசிரியர் பதவி யொகானுக்குக் கிடைத்தது. 5 வயதுச் சிறுவனான தானியேல் அவ்வாறுதான் பாசலுக்கு வந்து சேர்ந்தார்.

யொகான் இளைஞராக இருந்தபோது அவருடைய தந்தை அவரை வணிகராக்க முயன்றார். அவர் அதை மறுத்துக் கணிதத்தின் பக்கம் சென்றார. அப்படிப்பட்டவர் தம் மகனின் விருப்பத்தை விளங்கிக்கொண்டிருப்பார் என்று நாம் எதிர்பார்ப்போம். நடந்ததோ வேறு. கணிதத்தில் பணம் இல்லை என்று கூறித் தானியேலை வணிகம் பழக அனுப்பினார். இருமுறை முயன்றும் அது பலிக்கவில்லை. பின்னர் மருத்துவம் படிக்கச் சம்மதித்தார். 13 வயதிலேயே பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் தருக்கமும் படிக்கத் தொடங்கி, 1716இல் முதுமாணிப் பட்டமும் பெற்றிருந்த தானியேல், அதன் பின்னர் பாசல், ஐடல்பேர்க், ஸ்திராஸ்பூர்க் ஆகிய நகரங்களில் மருத்துவம் கற்றார். கணிதத்தை அவர் கைவிடவில்லை. தம்மைவிட 5 வயது மூத்த அண்ணன் நிக்கலாசிடமும், நேரம் கிடைக்கும்போது தந்தையிடமும் அதைக் கற்றுக்கொண்டே இருந்தார்.

மருத்துவம் அவருக்கு வீண்போகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1721இல் அவர் கலாநிதிப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வு சுவாசத்தின் பொறிமுறை பற்றியது. நெஞ்சறைக்குள் வளி எவ்வாறு புகுகிறது, எவ்வாறு வெளியேறுகிறது என்பதை அவர் ஒரு பொறியை ஆராய்வது போல ஆராய்ந்தார். வளியும் குருதியும் நீரும் அவருக்கு ஒரே வகையான பிரச்சினைகளாகவே தோன்றின. மூன்றும் பாயிகள், மூன்றும் அமுக்க வித்தியாசத்தால் ஓடுகின்றன.

பட்டம் பெற்றவருக்குப் பதவி கிடைக்கவில்லை. பாசல் பல்கலைக்கழகத்தில் அக்காலத்தில் ஒரு விசித்திர வழக்கம் இருந்தது. தகுதியுடையோரில் இறுதியாக 3 பேரைத் தெரிவுசெய்து, அவர்களுள் ஒருவரைத் திருவுளச் சீட்டு மூலம் நியமித்தனர். செல்வாக்கினால் பதவி பெறுவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. உடற்கூற்றியல், தாவரவியல் பதவிக்கும், அடுத்துத் தருக்கவியல் பதவிக்கும் தானியேல் விண்ணப்பித்தார். இருமுறையும் சீட்டு அவருக்கு எதிராகவே விழுந்தது.

ஆகவே 1723இல் மருத்துவப் பயிற்சிக்காக வெனிஸ் நகருக்குச் சென்றார். இத்தாலியில் கடும் நோய்வாய்ப்பட்டபோதிலும் 1724இல் தமது முதலாவது கணித நூலை அங்கேயே வெளியிட்டார். அதில் ஒரு பகுதி, பாத்திரம் ஒன்றின் துளையிலிருந்து நீர் வெளியேறுவது பற்றியது. இந்த வினாவை அவர் அதன்பின் விடவேயில்லை. இதே காலத்தில், கடலில் கப்பல் ஆடினாலும் மணல் சீராக விழக்கூடிய மணற்கடிகாரம் ஒன்றைப் பற்றிச் சிந்தித்து எழுதி, 1725இல் பரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் பரிசை வென்றார். தம் வாழ்நாளில் அப்பரிசை 10 தடவைகள் வென்றவர் அவர். இரண்டு பிரச்சினைகளும் அடிப்படையில் ஒன்றே என்பதைக் காண்கிறீர்களா? ஒரு கொள்கலன், ஒரு துளை, ஒரு நேரம். எவ்வளவு வெளியே வரும்?

1725இன் இறுதியில் தானியேலும் அண்ணன் நிக்கலாசும் உருசியாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் விஞ்ஞானக் கழகத்துக்குப் புறப்பட்டார்கள். புதிதாக அமைக்கப்பட்ட அக்கழகம் ஐரோப்பா எங்குமிருந்து இளம் அறிஞர்களை அழைத்திருந்தது. அங்கு சென்று 8 மாதங்களுக்குள், 1726 யூலையில், நிக்கலாஸ் காய்ச்சலால் இறந்தார். தமக்குக் கணிதம் கற்பித்த அண்ணனை அந்நிய மண்ணில் அடக்கம் செய்த தானியேல் மனமுடைந்து ஊர் திரும்ப எண்ணினார். கடும் குளிரும் அவரது உடலுக்கு ஒவ்வவில்லை. அடுத்த ஆண்டு அவருடைய தந்தையின் சிறந்த மாணவராகிய லெயோனாட் ஓயிலர் அங்கு வந்து சேர்ந்தார். இருவரும் ஒரே வீட்டில் தங்கிப் பணியாற்றினர். 1733 வரையான அந்த ஆண்டுகளே தானியேலின் வாழ்வில் மிகவும் பயன்மிக்கவை.

அங்குதான் அவர் ஒரு எளிய பரிசோதனையைச் செய்தார். நீர் ஓடும் குழாயின் சுவரில் சிறு துளையிட்டு, அதில் மேல்முனை திறந்த கண்ணாடிக் குழாய் ஒன்றைச் செங்குத்தாகப் பொருத்தினார். கண்ணாடிக் குழாயில் நீர் ஒரு குறித்த உயரத்துக்கு ஏறி நின்றது. அந்த உயரமே அவ்விடத்தில் ஓடும் நீரின் அமுக்கத்தைக் காட்டியது. நீர் வேகமாக ஓடும்போது உயரம் குறைந்தது. ஓட்டத்தை நிறுத்தியபோது உயரம் கூடியது.

இதன் விளக்கத்தைச் சற்று நிதானமாக நோக்குவோம். நிற்கும் நீரில் அமுக்கம் என்பது உயரம், அடர்த்தி, புவியீர்ப்பு ஆர்முடுகல் ஆகிய மூன்றின் பெருக்கமாகும். இதனை நீங்கள் அறிவீர்கள். உயரத்தில் உள்ள தாங்கியின் நீருக்கு அழுத்த சக்தி உண்டு. அது குழாயினூடாக இறங்கி ஓடத் தொடங்கினால் அந்தச் சக்தியின் ஒரு பகுதி இயக்க சக்தியாக மாறும். எஞ்சிய பகுதி மட்டுமே குழாயின் சுவரை அமுக்கும். ஆகவே கதி கூடினால் சுவரில் உள்ள அமுக்கம் குறைந்தேயாக வேண்டும். இன்று நாம் இதனை, அமுக்கம், அடர்த்தி × கதியின் வர்க்கம் என்பதன் அரைவாசி, அடர்த்தி × புவியீர்ப்பு ஆர்முடுகல் × உயரம் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை ஒரு மாறிலி என்று எழுதுகிறோம். பேணூலி இந்த வடிவில் எழுதவில்லை. இதனைச் செம்மையான சமன்பாடாக்கியவர் 1750களில் அவருடைய நண்பர் ஓயிலரே. பரீட்சை வினாத்தாளில் பெயர் பேணூலியினுடையதாக இருந்தாலும் ஓயிலரின் பங்கை மறத்தல் நியாயமன்று.

ஓர் உதாரணம் செய்வோம். பெற்றோலின் அடர்த்தியை ஒரு கன மீற்றருக்கு 750 கிலோகிராம் எனக் கொள்வோம். கிடையாகக் கிடக்கும் குழாய் ஒன்றின் குறுக்குவெட்டுப் பரப்பளவு 0.02 சதுர மீற்றர். அதில் பெற்றோல் செக்கனுக்கு 2 மீற்றர் கதியில் செல்கிறது. ஓரிடத்தில் குழாய் ஒடுங்கிப் பரப்பளவு 0.01 சதுர மீற்றராகிறது. ஒரு செக்கனில் அகன்ற பகுதியைக் கடக்கும் கனவளவே ஒடுங்கிய பகுதியையும் கடக்க வேண்டும். பெற்றோல் இடையில் எங்கும் மறையப்போவதில்லை. எனவே ஒடுக்கத்தில் கதி செக்கனுக்கு 4 மீற்றர். அமுக்க வித்தியாசம், 750இன் அரைவாசியை 16இலிருந்து 4ஐக் கழித்து வரும் 12ஆல் பெருக்க, 4500 பஸ்கால். பேணூலியின் கண்ணாடிக் குழாய்களை இரு இடங்களிலும் பொருத்தினால் பெற்றோல் மட்டங்கள் எவ்வளவு வேறுபடும்? 4500ஐ 7500ஆல் வகுக்க 0.6 மீற்றர், அதாவது 60 சென்ரிமீற்றர். குழாய்க்குள் எதையும் நுழைத்துப் பார்க்காமல், வெளியே இரண்டு மட்டங்களைப் பார்த்தே உள்ளே செக்கனுக்கு 40 லீற்றர் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். 13,200 லீற்றர் கொள்ளும் பவுசர் ஒன்றை இந்த வீதத்தில் நிரப்ப 330 செக்கன், அதாவது 5½ நிமிடம் போதும்.

உராய்வையும் பிசுக்குமையையும் நாம் இங்கு கவனத்திற் கொள்ளவில்லை. உண்மையான கருவிகளில் இதற்காக ஒரு திருத்தக் காரணி சேர்க்கப்படும். இத்தாலியரான வென்ரூரி 1797இல் ஒடுங்கிய குழாய்களில் திரவ ஓட்டம் பற்றிய தமது ஆய்வுகளை வெளியிட்டார். 1880களில் அமெரிக்கப் பொறியியலாளர் கிளெமன்ஸ் ஏர்ஷெல் அதைக்கொண்டு நீரோட்டத்தை அளக்கும் மானியை அமைத்து, அதற்கு வென்ரூரியின் பெயரையே சூட்டினார். பேணூலியின் காலத்திலேயே, 1732இல், பரிசில் ஆன்றி பிற்றோ என்பவர் வளைந்த குழாயைச் சென் நதியில் இறக்கி நீரின் கதியை அளந்திருந்தார். விமானங்களின் கதியை அறிய இன்றும் பயன்படுவது அவர் பெயர்கொண்ட குழாயே.

மீண்டும் பேணூலியிடம் வருவோம். 1733இல் அவருக்குப் பாசலில் உடற்கூற்றியல், தாவரவியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. பௌதிகத்திலும் கணிதத்திலும் ஆர்வம் கொண்ட ஒருவருக்குத் தாவரவியல்! ஆயினும் வீடு திரும்பும் வாய்ப்பை அவர் விடவில்லை. திரும்பிய மறு ஆண்டே அந்த வீட்டின் கதவு அவருக்கு மூடப்பட்டது. 1734இல் பரிஸ் விஞ்ஞானக் கழகம் கோள்களின் ஒழுக்குகள் பற்றிய போட்டிக்கான பரிசை இருவருக்குப் பகிர்ந்தளித்தது. ஒருவர் யொகான் பேணூலி, மற்றவர் தானியேல் பேணூலி. வேறெந்தத் தந்தையும் பெருமைப்பட்டிருப்பார். யொகானோ, மகன் தமக்குச் சமமாக மதிக்கப்பட்டதை அவமானமாகக் கருதிச் சினங்கொண்டார். மகனை வீட்டுக்குள் வர வேண்டாம் எனத் தடுத்தார் என்றும் கூறப்படுகிறது. அந்த உறவு பின்னர் ஒருபோதும் சீர்ப்படவில்லை.

தானியேல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் தொடங்கிய பெருநூல் 1738இல் ஸ்திராஸ்பூர்க் நகரில் அச்சாகி வெளிவந்தது. நூலின் பெயர் ஐதரோடைனமிக்கா. நீரியக்கவியல் என்னும் துறைக்கே இந்நூலின் பெயர்தான் பெயராயிற்று. துளைகளினூடாக நீர் வெளியேறுதல், குழாய்ச் சுவரின் அமுக்கம், பம்பிகள், நீரைப் பின்தள்ளிக் கப்பலைச் செலுத்துதல் எனப் பல விடயங்கள் அதில் உள்ளன. அதன் 10ஆம் அத்தியாயத்தில், வாயு என்பது எண்ணற்ற நுண்துணிக்கைகள் எல்லாத் திசைகளிலும் விரைந்து மோதுவதால் அமுக்கத்தை ஏற்படுத்துகிறது என்று அவர் விளக்கினார். விஞ்ஞான உலகம் இக்கருத்தைப் பொருட்படுத்த ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு எடுத்தது. நூலின் முகப்பில் தம் பெயருடன் யொகானின் மகன் என்றும் தானியேல் குறிப்பிட்டார். இணக்கத்துக்கான கையாகவே அதனை நாம் கொள்ளலாம்.

அந்தக் கை பற்றப்படவில்லை. 1743 அளவில் யொகான் ஐதரோலிக்கா என்ற நூலை வெளியிட்டார். மகனின் நூலில் உள்ள முக்கிய பிரச்சினைகளே அதிலும் இருந்தன. அத்துடன் அது 1732இலேயே எழுதப்பட்டது போல ஆண்டு குறிக்கப்பட்டிருந்தது. அதாவது, மகனுக்கு முன்னரே தந்தை கண்டுபிடித்துவிட்டார் என்று வாசகர் எண்ண வேண்டும். 10 ஆண்டு உழைப்பின் பலன் ஒரே நாளில் தம்மிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டதாகத் தானியேல் ஓயிலருக்கு எழுதிய கடிதத்தில் வருந்தினார். வணிகத் தொழிலையோ செருப்புத் தைப்பதையோ கற்றிருக்கலாம் என்றுகூட அவருக்குத் தோன்றியது. நடுநிலையாகச் சொல்வதானால், யொகானின் நூலில் புதியது எதுவும் இல்லை என்று கூற முடியாது. திரவத்தின் உள்ளே உள்ள அமுக்கத்தை விசைகளைக் கொண்டு அவர் கையாண்ட முறை ஓயிலருக்குப் பயன்பட்டது. ஆனால் ஆண்டை மாற்றிப் போட்டதற்கு எந்த நியாயமும் இல்லை. யொகான் 1748இல் இறந்தார்.

தானியேல் அதன்பின் பாயிகள் பற்றி அதிகம் எழுதவில்லை. அதிரும் தந்திகள், நிகழ்தகவு, வானியல் எனப் பிற துறைகளுக்குத் திரும்பினார். 1750இல் தாம் விரும்பிய பௌதிகப் பேராசிரியர் பதவி கிடைத்தது. இம்முறை அவருடைய திறமையைக் கருதித் திருவுளச் சீட்டு தவிர்க்கப்பட்டது. பரிசோதனைகளுடன் அவர் ஆற்றிய விரிவுரைகளைக் கேட்க மாணவர்கள் திரண்டனர். 1776 வரை கற்பித்தார். 1760இல் பெரியம்மைக்கு எதிராகப் பால்குத்துவதால் மக்களின் சராசரி ஆயுள் எவ்வளவு கூடும் என்று கணக்கிட்டு, ஏறத்தாழ 3 ஆண்டுகள் என்ற விடையைப் பெற்றார். மருத்துவமும் கணிதமும் மீண்டும் ஒன்றாயின. திருமணம் செய்துகொள்ளாத அவர் 1782ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி பாசலில் காலமானார்.

இனி, எரிபொருள் களஞ்சியத்துக்குச் செல்வோம். 20 மீற்றர் விட்டமுள்ள நிலைக்குத்து உருளைத் தாங்கி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்பரப்பளவு ஏறத்தாழ 314 சதுர மீற்றர். மட்டத்தை அளப்பவர் 1 மில்லிமீற்றர் பிழைவிட்டால் கணக்கில் 314 லீற்றர் பிழைக்கும். எனவேதான் பெரிய தாங்கிகளில் பித்தளைக் குண்டு கட்டிய உருக்கு நாடாவை இறக்கி, ஒரு தடவைக்கு மேல் அளந்து பார்க்கிறார்கள். தாங்கியின் அடியில் தேங்கும் நீரையும் தனியாக அளக்க வேண்டும். எரிபொருளைவிட அடர்த்தி கூடிய நீர் கீழே படியும். நீரில் பட்டதும் நிறம் மாறும் பசை ஒன்றைக் குண்டில் பூசி இறக்கினால் நீரின் உயரம் தெரியும்.

நிரப்பு நிலையத்தின் நிலக்கீழ்த் தாங்கி பெரும்பாலும் கிடையாகப் படுத்த உருளையாகும். அங்கே உயரம் அரைவாசியானால் கனவளவும் அரைவாசியே. ஆனால் உயரம் காற்பங்காகும்போது கனவளவு காற்பங்கு அன்று, ஏறத்தாழ 5இல் 1 பங்கே. அட்டவணை ஏன் தேவை என்பது இப்போது விளங்கியிருக்கும்.

தாங்கியின் அடியில் அமுக்கமானி ஒன்றைப் பொருத்தியும் மட்டத்தை அறியலாம். மானி 75,000 பஸ்கால் காட்டினால், பெற்றோலின் உயரம் 75,000ஐ 7500ஆல் வகுக்க 10 மீற்றர். அதே வாசிப்பை, தாங்கியில் இருப்பது ஒரு கன மீற்றருக்கு 850 கிலோகிராம் அடர்த்தியுள்ள டீசல் என்று தவறாக எண்ணிக் கணித்தால் 8.82 மீற்றர் வரும். ஒரு மீற்றருக்கும் மேற்பட்ட பிழை! இங்கே மாணவர் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வெயிலில் எரிபொருள் விரிவடைந்தால் மட்டம் உயரும். அப்போது அடியில் அமுக்கம் கூடுமா? கூடாது. உயரம் கூடிய அதே விகிதத்தில் அடர்த்தி குறைகிறது. திணிவு மாறவில்லை, நிலைக்குத்து உருளையில் அடியமுக்கம் திணிவையே காட்டும். மட்டத்தை அளந்து லீற்றர் கணக்கு வைப்பவரோ ஏமாந்துபோவார். 10 பாகை செல்சியஸ் வெப்பநிலை உயர்வில் 10 இலட்சம் லீற்றர் பெற்றோல் அண்ணளவாக 10,000 லீற்றர் விரியக்கூடும். ஆகவே வர்த்தகக் கணக்குகளில் கனவளவு 15 பாகை செல்சியஸ் போன்ற ஒரு நியம வெப்பநிலைக்கு மாற்றி எழுதப்படுகிறது.

குழாய்களில், பேணூலியின் தத்துவப்படி இயங்கும் ஒடுக்க மானிகளுடன், ஓட்டத்தால் சுழலும் சிறு விசிறியின் சுற்றுகளை எண்ணும் மானிகளும், குறித்த கனவளவை ஒவ்வொரு தடவையும் நிரப்பி வெளிவிடும் அறைகளைக் கொண்ட மானிகளும் பயன்படுகின்றன. தாங்கியின் உச்சியிலிருந்து றேடார் அலையை அனுப்பி மட்டத்தை அறியும் கருவிகளும் உண்டு. கருவி எதுவாயினும், தாங்கியில் கூடியது குழாயால் வந்ததற்குச் சமனாக இருக்க வேண்டும். இந்தச் சரிபார்ப்பைச் செய்யாவிட்டால் என்ன நேரும்?

இங்கிலாந்தின் ஏர்ட்போட்சயர் மாவட்டத்தில் பன்ஸ்பீல்ட் என்ற எரிபொருள் களஞ்சியம் இருந்தது. 2005 திசெம்பர் 10ஆம் திகதி மாலை 7 மணியளவில் அங்குள்ள 912ஆம் இலக்கத் தாங்கிக்குள் குழாய்வழியாகப் பெற்றோல் வரத் தொடங்கியது. அத்தாங்கி 60 இலட்சம் லீற்றர் கொள்வது. நள்ளிரவு கடந்து 3.05 மணியளவில் மட்டங்காட்டும் கருவி சிக்கிக்கொண்டது. தாங்கி மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியுள்ளதாக அது அசையாமல் காட்டிக்கொண்டிருந்தது. பெற்றோலோ மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 550 கன மீற்றர் வீதம் தொடர்ந்து வந்தது. அபாய மட்டத்தில் ஓட்டத்தை நிறுத்த வேண்டிய ஆளியும் இயங்கவில்லை. 5.37 மணியளவில் தாங்கியின் உச்சியால் பெற்றோல் வழியத் தொடங்கி ஆவி முகிலாகப் பரவியது. 6.01 மணிக்கு வெடித்தது. 20க்கும் மேற்பட்ட தாங்கிகள் எரிந்தன. 43 பேர் காயமடைந்தனர். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையாக இருந்தபடியால் அயலிலுள்ள பணியகங்களில் ஆட்கள் இல்லை, எவரும் உயிரிழக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். கருவி நின்றதிலிருந்து வழியும்வரை ஏறத்தாழ 2½ மணித்தியாலம். 550ஐ 2.5ஆல் பெருக்க 1375 கன மீற்றர், அதாவது 13 இலட்சத்து 75 ஆயிரம் லீற்றர். இவ்வளவு பெற்றோல் உள்ளே வந்துகொண்டிருக்கையில் மட்டம் ஒரு மில்லிமீற்றரும் உயராதிருக்க முடியுமா? ஆனால் கட்டுப்பாட்டு அறையில் இருந்தோருக்கு அக்குழாயின் ஓட்ட வீதம் பற்றிய போதிய தகவல் கிடைத்திருக்கவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு வாசிப்பு. அதுவும் பொய்யான வாசிப்பு.

பின்வருவதை உங்கள் பயிற்சிக் கொப்பியில் செய்து பாருங்கள். மேலே கூறிய 20 மீற்றர் விட்டமுள்ள தாங்கியிலிருந்து ஒரு மணித்தியாலம் பவுசர்களுக்கு எரிபொருள் வழங்கப்பட்டது. மட்டம் 60 மில்லிமீற்றர் குறைந்தது. குழாயில் உள்ள மானி 18,500 லீற்றர் சென்றதாகக் காட்டியது. தாங்கிக் கணக்குக்கும் மானிக் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை லீற்றர்? மட்டம் அளந்தவர் 2 மில்லிமீற்றர் வரை பிழைவிட்டிருக்கக்கூடும் எனின், எரிபொருள் களவு போயிற்று என்று அவர்மீது குற்றஞ்சாட்ட இந்த வித்தியாசம் போதுமானதா? உமது விடைக்குக் காரணம் தருக.